உளவியலில் பிஎச்.டி.: சேருவதற்கு முன் – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை 68 சதவீதம். பிஎச்.டி. சேர நெட் கட்டாயமா? எப்போது தயாராகத் தொடங்க வேண்டும்?
– வாசகி, தேனி

பதில்: இப்போதே தொடங்குங்கள். முதுகலை இறுதியாண்டில் இருப்பவர்களும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதலாம். படிப்பு முடியட்டும் என்று காத்திருந்தால் ஓராண்டு வீணாகும்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022-ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைப்படி, முதுகலையில் 55 சதவீதம் இருந்தால் நீங்கள் தகுதியானவர். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளி, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. நான்காண்டு இளங்கலை முடித்தவர்கள் 75 சதவீதம் இருந்தால் முதுகலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம்.

நெட் எல்லா இடத்திலும் கட்டாயமில்லை. பல்கலைக்கழகம் தானே நுழைவுத் தேர்வு நடத்தலாம். அதில் பாதி ஆய்வு முறையியல், பாதி பாடம். தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று கணக்கிடுவார்கள். ஆனால் 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவே மூன்று வகையாக வருகிறது. முதல் வகை, ஆய்வு மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையோடு உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கைத் தகுதியும். இரண்டாவது, உதவித்தொகை இல்லாமல் மற்ற இரண்டும். மூன்றாவது, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். பின்னிரண்டு வகையிலும் நெட் மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். இதைக் கவனிக்காமல் ‘நெட் இருக்கிறது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டவர்கள் மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த மாதம் சேர்க்கை என்று பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய நெட்டைக் குறி வையுங்கள்.

தேர்வு மூன்று மணி நேரம். முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளான உளவியலில் 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். தவறான விடைக்குக் கழிப்பு கிடையாது. எனவே ஒரு கேள்வியைக்கூட விடை குறிக்காமல் விடக் கூடாது. உளவியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிப் பழகுவது முதல் வேலை.

பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். நேரம் குறைவென்றால் இரண்டாவது அலகான ஆய்வு முறையியல்–புள்ளியியல், மூன்றாவதான உளச்சோதனை, இந்த இரண்டையும் முதலில் முடியுங்கள். நெட்டுக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் இவை ஒருசேர உதவும். ஃபிராய்டையும் ஸ்கின்னரையும் எல்லோரும் படித்துவிட்டு வருகிறார்கள். வேறுபாடு தெரிவது இங்கேதான்.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000. வீட்டுப் பணம் இல்லாமல் ஆய்வு செய்ய நம் ஊரில் இருக்கும் உறுதியான வழி இது. முயற்சி எடுப்பதில் தயங்காதீர்கள்.

கேள்வி: பிஎச்.டி. முடித்தால் ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாக வேலை பார்க்கலாம்தானே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முடியாது. எங்களுக்கு வரும் கடிதங்களில் மிக அதிகம் காணப்படும் தவறான எண்ணம் இது. உளவியலில் பிஎச்.டி. என்பது ஆய்வுப் பட்டம். அதை வைத்துக் கல்லூரியில் கற்பிக்கலாம், ஆய்வு நிறுவனத்தில் சேரலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைக்க இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலான ஆர்.சி.ஐ.யின் பதிவு வேண்டும். அந்தப் பதிவு ஆர்.சி.ஐ. அங்கீகரித்த பயிற்சிப் படிப்புக்குத்தான் கிடைக்கும். இதுவரை அந்த வழி பெரும்பாலும் இரண்டாண்டு எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி. பொதுவான எம்.ஃபில். நிறுத்தப்பட்ட பிறகும் இதற்கு 2025–26 கல்வியாண்டு வரை யுஜிசி அவகாசம் தந்தது. இனி சேருபவர்கள், கல்லூரி விளம்பரத்தை நம்பாமல், அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்பு அந்த ஆண்டுக்கு அனுமதி பெற்றிருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்தின் பட்டியலில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

நோயாளிகளோடு வேலை செய்வதுதான் உங்கள் விருப்பம் என்றால் பயிற்சிப் படிப்பை முதலில் முடியுங்கள். பிஎச்.டி. பிறகு வரட்டும்.

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. உளவியல் முடித்தேன். பிஎச்.டி.க்கு ஏற்பார்களா?
– வாசகி, விருதுநகர்

பதில்: நீங்கள் சேர்ந்த ஆண்டில் அந்தப் படிப்புக்கு யுஜிசி அனுமதி இருந்திருந்தால் பட்டம் செல்லும். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் புதிதாகத் தொடங்க யுஜிசி தடை விதித்திருக்கிறது. முன்பே சேர்ந்தவர்களுக்கு அது பொருந்தாது. சேர்ந்த ஆண்டின் அனுமதிக் கடிதத்தை இப்போதே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சரிபார்ப்பின்போது கேட்பார்கள்.

உண்மையான குறை வேறு. சோதனைக்கூடப் பயிற்சியும் நேரடியாகச் செய்த டெசர்டேஷனும் இல்லாதவர்கள் நேர்முகத்தில் திணறுகிறார்கள். பக்கத்துக் கல்லூரி உளவியல் துறையில் ஓர் ஆசிரியரிடம் ஆறு மாதம் ஆய்வு உதவியாளராக இருக்க அனுமதி கேளுங்கள். வினாத்தாள் கொடுப்பது, எக்செலில் பதிவது, பிழை பார்ப்பது என்று எந்த வேலையானாலும் சரி. சான்றிதழைக் காட்டிலும் அந்தப் பழக்கம் பயன்படும்.

கேள்வி: ‘கல்லூரி மாணவர்களின் மன அழுத்தம் – ஓர் ஆய்வு’ என்று புரொபோசல் கொடுத்தேன். இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. என்ன குறை?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தலைப்பிலேயே காரணம் இருக்கிறது. அதில் கேள்வி இல்லை. யார், எந்தக் கட்டத்தில், எதற்கும் எதற்கும் உள்ள தொடர்பு என்று எதுவுமே சொல்லவில்லை. இதே ஆர்வத்தை இப்படி மாற்றலாம்: ‘குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் முதலாண்டு மாணவர்களிடம், தூக்கத்தின் தரத்துக்கும் மனச்சோர்வு அறிகுறிகளுக்கும் என்ன தொடர்பு?’ இப்போது யாரிடம் போவது, எதை அளப்பது, எதோடு ஒப்பிடுவது எல்லாம் தெளிவாகிறது.

அடுத்தது எத்தனை பேர். ‘300 பேர்’ என்று எழுதிவிட்டு ஏன் 300 என்று கேட்டால் விழிப்பவர்கள்தான் அதிகம். இரண்டு மாறிகளுக்கு இடையே 0.3 அளவிலான ஒட்டுறவை (கோரிலேஷன்), 0.05 பொருண்மை மட்டத்தில், 80 சதவீதத் திறனோடு (உண்மையில் இருக்கும் தொடர்பைத் தவறவிடாமல் பிடிக்கும் வாய்ப்பு) கண்டுபிடிக்கச் சுமார் 85 பேர் போதும். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட்டு நடுத்தர அளவு வேறுபாட்டைப் பிடிக்கக் குழுவுக்கு 64 பேர். ஜி பவர் என்ற இலவச மென்பொருளில் ஐந்து நிமிடத்தில் கணக்கிடலாம். பாதியில் விட்ட வினாத்தாள்களுக்காக 15 முதல் 20 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் ‘நண்பர்களின் ஆதரவு இருந்தால் இந்தத் தொடர்பு குறைகிறதா’ என்று மூன்றாவது மாறியைச் சேர்த்தால் கணக்கே மாறும். அத்தகைய இடைவினை விளைவுகள் பெரும்பாலும் சிறியவை. பல நூறு பேர் தேவைப்படும். இது தெரியாமல் மாதிரி எண்ணிக்கையை அப்படியே விட்டுவைப்பது பெரிய ஓட்டை.

மூன்றாவது, அளவுகோல். மேலே சொன்ன கேள்விக்குத் தூக்கத்துக்குப் பிட்ஸ்பர்க் தூக்கத் தர அட்டவணையும், மனச்சோர்வுக்கு பி.எச்.கியூ.-9 வினாத்தாளும் எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பி.எச்.கியூ.-9 இலவசம், அனுமதி வேண்டாம். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. இதன் மூன்றாவது கேள்வியே தூக்கத்தைப் பற்றியது! ஆகவே தூக்க அட்டவணையோடு ஒட்டுறவு பார்த்தால், தூக்கத்தைத் தூக்கத்தோடு ஒப்பிட்டதன் பங்கும் அதில் கலந்து எண் ஊதிவிடும். மூன்றாவது கேள்வியை நீக்கியும் ஒருமுறை கணக்கிடுவேன் என்று புரொபோசலில் ஒரு வரி எழுதுங்கள். அளவுகோலை இவர் பெயரளவில் அல்ல, கேள்வி கேள்வியாகப் படித்திருக்கிறார் என்று தேர்வுக் குழு புரிந்துகொள்ளும். இன்னொன்றும் உண்டு: தூக்க அட்டவணை கடந்த ஒரு மாதத்தைக் கேட்கிறது, பி.எச்.கியூ.-9 கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கிறது. விடுதியில் சேர்ந்து மூன்று வாரமே ஆனவரிடம் கொடுத்தால் முதலாவது அவருடைய வீட்டுத் தூக்கத்தையும் சேர்த்து அளக்கும். ஆகவே சேர்ந்து குறைந்தது ஆறு வாரம் கழித்துத் தகவல் திரட்டுங்கள்.

பி.எச்.கியூ.-9-இன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அறநெறிக் குழு முதலில் விரல் வைப்பது இங்கே. ஒரு மாணவர் அதில் 0-க்கு மேல் குறித்தால் அன்றைக்கே யார் பார்ப்பார், யாரிடம் அனுப்புவீர்கள், அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுப்பீர்களா என்று எழுதியிருக்க வேண்டும். பெயர் எழுதாத வினாத்தாள் என்றால் அந்த மாணவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றும் யோசித்திருக்க வேண்டும். 18 வயது நிறையாதவர்கள் முதலாண்டில் நிறையப் பேர் இருப்பார்கள். பெற்றோர் ஒப்புதலும் மாணவரின் சம்மதமும் இரண்டும் தேவை. இதெல்லாம் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். ஓர் உயிர் சம்பந்தப்பட்டது.

அளவுகோலைத் தமிழாக்கம் செய்வதென்றால் ஒருவர் தமிழில் பெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்தில் பெயர்க்க, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிறகு 30 பேரிடம் முன்னோட்டம். ஏற்கெனவே வெளியான தமிழ் வடிவம் இருந்தால் புதிதாகப் பெயர்க்காதீர்கள்.

கடைசியாக, தலைப்பில் ‘தாக்கம்’ என்று வைத்துவிட்டு ஒரே ஒருமுறை வினாத்தாள் கொடுத்தால், எது காரணம் எது விளைவு என்று உங்களால் சொல்ல முடியாது. ‘தொடர்பு’ என்று வைத்தால் கேட்க யாருக்கும் இடமில்லை.

கேள்வி: கைடு கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. மெயில் அனுப்பினால் பதிலே இல்லை.
– வாசகி, சென்னை

பதில்: முதலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வழிநடத்தலாம். ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஸ்காலரை எடுக்க முடியாது. துறையின் காலியிடப் பட்டியலைப் பார்க்காமல் நிரம்பியவருக்கே நினைவூட்டல் மெயில் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

மெயில் 200 சொல்லைத் தாண்ட வேண்டாம். நீங்கள் யார், என்ன படித்தீர்கள் என்று இரண்டு வரி. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றை உண்மையாகவே படித்து, அதில் விடையில்லாமல் நிற்கும் ஒரு கேள்வியைச் சொல்லி மூன்று வரி. உங்களுக்குத் தெரிந்த முறைகள், மென்பொருள் பற்றி இரண்டு வரி. இந்த ஆண்டு ஸ்காலர் எடுக்கிறீர்களா என்ற நேரடிக் கேள்வி. ஒரு பக்க சி.வி.யையும் ஒரு பக்க ஆய்வுச் சுருக்கத்தையும் பி.டி.எஃப்.ஆக இணையுங்கள். ‘தங்கள் ஆய்வுகள் எனக்கு மிகுந்த ஊக்கம் தந்தன’ என்ற வரி எல்லா மெயிலிலும் இருக்கிறது, அதைப் படித்து யாரும் பதில் போடுவதில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டலாம். பிறகு நேரில் போய்ப் பாருங்கள். நம் பல்கலைக்கழகங்களில் நேரில் போவதற்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்.டி. செய்ய ஆசை. செலவுக்கு வீட்டில் வசதியில்லை. வாய்ப்பு உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: வாய்ப்பு உண்டு, ஆனால் போட்டி மிகக் கடுமை. நல்ல பிஎச்.டி. துறைகளில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் தள்ளுபடி. ஆய்வு அல்லது கற்பித்தல் உதவியாளர் வேலைக்கு மாதச் சம்பளமும் உண்டு. அதனாலேயே சில நூறு விண்ணப்பங்களிலிருந்து ஐந்து முதல் பத்துப் பேரைத்தான் எடுக்கிறார்கள். சை.டி. என்ற பட்டமும் இருக்கிறது. அது சிகிச்சைப் பயிற்சியை முதன்மையாக்கியது, சேருவது ஒப்பீட்டளவில் எளிது, ஆனால் பெரும்பாலும் கைக்காசு போட்டுப் படிக்க வேண்டும். வசதியில்லாத வீட்டிலிருந்து போகிறவர்கள் அதற்காகக் கடன் வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

துறையைத் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல வழி: அமெரிக்க உளவியல் சங்கமான ஏ.பி.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு துறையும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எவ்வளவு செலவு, எத்தனை ஆண்டில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது, எத்தனை பேர் உரிமம் பெற்றார்கள் என்று தன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். செலவு எவ்வளவு, இன்டர்ன்ஷிப் எத்தனை பேருக்கு என்ற இரண்டு வரியைப் பார்த்தாலே பாதிப் பட்டியல் கழிந்துவிடும்.

அங்கே உங்களைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ஒரு தனிப் பேராசிரியர். அவருடைய ஆய்வகத்துக்கு நீங்கள் பொருந்துகிறீர்களா என்பதுதான் கேள்வி. எனவே பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பிக்காமல் ஆளைப் பார்த்து விண்ணப்பியுங்கள். கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் தொடக்கம். ஏப்ரலில் பேராசிரியர் பட்டியல், மே–ஜூனில் அவர்களின் கட்டுரைகள், ஜூலை முதல் செப்டம்பருக்குள் மெயில், செப்டம்பரில் பரிந்துரை கேட்பது, அக்டோபர்–நவம்பரில் உங்கள் விண்ணப்பக் கட்டுரையைத் திருத்துவது என்று வையுங்கள். நேர்முகம் ஜனவரி–பிப்ரவரியில். இடம் கிடைத்தால் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம் தருவது வழக்கம். ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வு இப்போது பல துறைகளில் விருப்பம்போல், சிலவற்றில் கேட்பதே இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் பணம் கட்டுங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று. ‘ஒழுக்கமான மாணவி, வகுப்புக்குத் தவறாமல் வருவார்’ என்ற கடிதம் அங்கே எடுபடாது. உங்கள் டெசர்டேஷனை வழிநடத்தியவர், உங்களோடு தகவல் திரட்டியவர் எழுத வேண்டும். ஆறு வாரத்துக்கு முன்பே கேளுங்கள். சி.வி., கட்டுரை வரைவு, துறைகளின் தேதிப் பட்டியல், நீங்கள் அவரிடம் செய்த வேலைகள் என்ன என்று அரைப் பக்கக் குறிப்பு, நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். கடிதத்தை நீயே எழுதிக்கொண்டு வா என்று சொல்கிற ஆசிரியரிடம் அந்த அரைப் பக்கக் குறிப்பைக் கொடுத்து, உங்கள் வாயிலிருந்தே வரட்டும் சார் என்று பணிவாகக் கேளுங்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

விண்ணப்பக் கட்டுரையில் பலர் தடுக்கி விழும் ஓர் இடம்: தன் மனநலப் பிரச்சினையையோ குடும்பத்தின் துயரத்தையோ விரித்து எழுதி, அதனால் இந்தத் துறைக்கு வருகிறேன் என்பது. ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி இருவரும் உளவியல் துறைகளின் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம் விண்ணப்பத்தைக் கெடுப்பது எது என்று கேட்டு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தனிப்பட்ட துயரத்தை மிகையாக எழுதுவதும், ‘மற்றவர்களுக்கு உதவ வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும் இடம்பெற்றன. அனுபவம் இருப்பது குற்றமில்லை. ஆனால் அந்தப் பக்கங்களில் தேடப்படுவது உங்கள் ஆய்வுக் கேள்வி, இதுவரை நீங்கள் கையால் செய்த வேலை, இந்தப் பேராசிரியரிடம் ஏன் என்பது. அந்த மூன்றுக்கே இடம் போதாது.

முன்கூட்டியே தெரிய வேண்டியது ஒன்று: படிப்பின் இறுதியில் ஓராண்டு இன்டர்ன்ஷிப் கட்டாயம். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் அதில் கணிசமான இடங்களைத் தருகின்றன, ஆனால் அவை அமெரிக்கக் குடியுரிமை கேட்கும். வெளிநாட்டு மாணவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் செய்தார்கள் என்று துறையில் நேர்முகத்தின்போதே கேளுங்கள். சமூக உளவியல், அறிதல் உளவியல், வளர்ச்சி உளவியல் பிரிவுகளில் இந்தச் சிக்கல் இல்லை, போட்டியும் சற்றுக் குறைவு. ஆய்வுதான் பிடிக்கும் என்றால் அவற்றையும் பட்டியலில் வையுங்கள்.

கேள்வி: நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்?
– வாசகர், சேலம்

பதில்: உங்கள் டெசர்டேஷனைத்தான். ஏன் இந்த அளவுகோல், அதன் நம்பகத்தன்மை எவ்வளவு, ஏன் இந்தப் புள்ளியியல் சோதனை, மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள். முதுகலையில் கடையில் கொடுத்து டேட்டா அனாலிசிஸ் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். பழைய கோப்பை எடுத்து ஜமோவி அல்லது ஜாஸ்ப் என்ற இலவச மென்பொருளில் நீங்களே திரும்பச் செய்து பாருங்கள். ரோசன்பெர்க் தன்மதிப்பு அளவுகோல் போலப் பத்தில் ஐந்து கேள்வி எதிர்மறையாக இருப்பவற்றில், அந்த ஐந்தையும் திருப்பிக் குறிக்காமல் விட்டிருந்தால் நம்பகத்தன்மையைக் காட்டும் எண்ணான க்ரோன்பாக் ஆல்ஃபா மிகக் குறைவாகவோ மைனஸிலோ வரும். 0.2 என்று அச்சிட்டே தீஸிஸ் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். நேர்முகக் குழு அந்தப் பக்கத்தைத்தான் திறக்கும்.

‘பி மதிப்பு 0.03 என்றால் என்ன பொருள்’ என்ற கேள்விக்கும் தயாராகுங்கள். ‘கருதுகோள் சரியாக இருக்க 97 சதவீத வாய்ப்பு’ என்பது தவறு. உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு முடிவு கிடைக்க 3 சதவீத வாய்ப்பு என்பதே சரி. இதை உங்கள் ஆய்வின் எண்ணை வைத்தே தமிழிலும் ஆங்கிலத்திலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தெரியாததற்கு ‘தெரியவில்லை, சார்’ என்றால் போதும், சுற்றி வளைத்தால்தான் அடுத்த கேள்வி வரும்.

கேள்வி: வயது 41. பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். பகுதிநேரமாகச் செய்ய முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முடியும், அம்மா. பிஎச்.டி.க்கு வயது வரம்பு இல்லை, ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கு மட்டும்தான் உண்டு, அது உங்களுக்குக் கடந்துவிட்டது. பகுதிநேரத்துக்குப் பள்ளி நிர்வாகத்தின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும், ஆய்வுக்கு நேரம் தருவோம், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்கு விடுவிப்போம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க் இருப்பதால், வகுப்புகள் எந்தக் கிழமை என்று துறையில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். காலக்கெடு ஆறாண்டு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. ஆய்வுத் தலைப்பைப் பள்ளியை ஒட்டியே எடுங்கள், தகவல் திரட்ட விடுப்புப் போட வேண்டியிருக்காது. ஆனால் உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடமே வினாத்தாள் கொடுக்காதீர்கள். டீச்சர் கேட்கிறார் என்பதற்காகவே சரி என்பார்கள், அது சம்மதம் ஆகாது. பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியரின் எழுத்துமூல அனுமதி வாங்கிச் செய்யுங்கள்.